பூட்டவும் வேண்டும், திறக்கவும் வேண்டும்
சேற்றிலும் மணலிலும் புதையும் பின் அச்சுக்கு எது பொருத்தம்?

மாரி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலை. வயலின் மூலையில் உழவு இயந்திரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. வரம்போரத்து இடச்சில்லு சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழல்கிறது. வலச்சில்லு கெட்டியான நிலத்தில்தான் நிற்கிறது, ஆனால் அசையவில்லை. டீசல் புகைகிறது, சில்லு மேலும் ஒரு முழம் இறங்குகிறது. பெரும்போகத்தில் புல்மோட்டைப் பக்கத்து வயற்காரர் யாருக்கும் இது புதிய காட்சி அல்ல.

அடுத்த கிழமை அதே இயந்திரம் கராச்சில் நிற்கும். அங்கே நடக்கும் பேச்சும் ஏறத்தாழ ஒரே மாதிரியானது.

“தம்பி, உந்த டிப்ரென்சலை வெல்டிங் வைச்சு ஒரேயடியாய்ப் பூட்டி விடுங்கோ. இரண்டு சில்லும் சேர்ந்து சுத்தட்டும். இனிப் புதையக்கூடாது.”

“செய்யலாம் ஐயா. ஒரு நாள் வேலை. ஆனால் பிறகு திருப்புறது கஷ்டம்.”

“திருப்பிறதை நான் பாத்துக்கொள்ளுறன்.”

இந்தக் கடைசி வசனத்தைப் பற்றியதே இக்கட்டுரை. பின் அச்சைப் பூட்டுவது தேவையான காரியந்தான். ஆனால் பூட்டுகள் பல வகை. அவற்றுள் மலிவானதே பின்னர் அதிகம் செலவு வைப்பது. சில வேளை அது ஆளையே கொண்டுபோய்விடுகிறது.

மண்ணும் மனிதரும்

புல்மோட்டையின் நிலம் ஓரிடத்தைப் போல் மற்றோரிடம் இராது. கடற்கரையில் கரும் மணல். இல்மனைற், ரூற்றைல், சேர்க்கன் ஆகிய கனிமங்கள் கலந்த இம்மணலை எடுப்பதற்காகவே 1957 இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. வடக்கே கொக்கிளாய்க் களப்பின் ஓரத்தில் உவர்ச்சேறு. உள்ளே போனால் களிமண் வயல்கள், குளக்கட்டுகள், காட்டுப்பாதைகள். தெற்கே யான் ஓயா. அதனைப் பாதையில் ஏறிக் கடந்த காலம் போய்ப் பாலம் வந்துவிட்டது. தார் வீதியில் வாகனங்கள் வேகமாகவே ஓடுகின்றன. ஆகவே காலையில் சேற்றில் உழும் இயந்திரம் மாலையில் பெட்டியைப் பூட்டிக்கொண்டு தார் வீதியில் நெல்லோ விறகோ ஏற்றிப் போகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மனிதரின் கதையும் உண்டு. 1984 டிசம்பரில் தென்னமரவடி மக்களும், களப்புக்கு அப்பால் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்களும் ஊரைவிட்டு எழும்பினர். 2009 இல் போர் முடிந்த பின்னரே திரும்பி வரத் தொடங்கினர். இடையில் கால் நூற்றாண்டு. வயல் காடாகியது, வரம்பு அழிந்தது, மரங்கள் வேரோடின. திரும்பிய குடும்பங்கள் பலவற்றுக்கு உழவு இயந்திரம் என்பது தனிச்சொத்து அன்று. கடனாக வந்தது, அல்லது பழையதாக வாங்கியது, அல்லது பல வீட்டுக்குப் பொதுவானது. அப்படிப்பட்ட இயந்திரத்தின் பின் அச்சு உடைந்தால் ஒரு போகம் போய்விடும்.

டிப்ரென்சல் எதற்காக?

வாகனம் திரும்பும்போது வெளிச்சில்லு நீண்ட வழி ஓடுகிறது, உட்சில்லு குறுகிய வழி ஓடுகிறது. இரு பின்சில்லுகளுக்கும் இடைத்தூரம் 1.5 மீற்றர் என்று கொள்வோம். ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சில்லு உட்சில்லைவிட ஏறத்தாழ 9.4 மீற்றர், அதாவது 31 அடி, கூடுதலாக ஓடவேண்டும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. உழவு இயந்திரத்தின் பெரிய சில்லுக்கு இது இரண்டு சுற்றுக்கு மேல். இரு சில்லும் ஒரே இரும்பில் இறுகப் பூட்டப்பட்டிருந்தால் இந்த வித்தியாசத்துக்கு வழி எங்கே? ரயர் தரையில் அரைபட வேண்டும், அல்லது அச்சு முறுக வேண்டும். இந்த வித்தியாசத்துக்கு இடம் விடுவதே டிப்ரென்சலின் வேலை.

அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மாட்டு நுகத்தை நினைத்துப் பாருங்கள். நுகத்தின் நடுவே ஏர்க்கால் கட்டப்பட்டிருக்கிறது. இரு மாடும் ஒத்து இழுத்தால் கலப்பை நகரும். ஒரு மாடு காலூன்ற இடமின்றிப் பின்வாங்கினால் நுகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். மற்ற மாடு எவ்வளவு பலசாலியானாலும் அதன் பலம் கலப்பைக்கு வந்து சேராது. டிப்ரென்சலும் அப்படியே. அது இரு சில்லுக்கும் எப்போதும் ஒரே அளவு பலத்தையே பங்கிடுகிறது. சேற்றிலுள்ள சில்லு 100 கிலோ அளவுக்கே நிலத்தைப் பிடிக்கும் என்றால், கெட்டியான நிலத்தில் 600 கிலோ அளவுக்குப் பிடிக்கக்கூடிய மற்றச் சில்லுக்கும் கிடைப்பது அதே 100 தான். மொத்தம் 200. நுகத்தை ஏர்க்காலோடு அசையாமல் இறுக்கிக் கட்டினால், அதாவது டிப்ரென்சலைப் பூட்டினால், 100 உம் 600 உம் சேர்ந்து 700 ஆகும். வாகனம் வெளியே வந்துவிடும்.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 600 முழுவதும் ஒரு பக்கத்து அக்சில் வழியாகவே போகிறது. பூட்டிய அச்சில் அக்சில் முறிவதற்குக் காரணம் இதுவே.

பூட்டின் வகைகள்

முதலாவது, காலால் அல்லது கையால் பூட்டித் திறக்கும் பூட்டு. பெரும்பாலான நாற்சில்லு உழவு இயந்திரங்களில் இது செய்யும்போதே வைக்கப்படுகிறது. மெசி பேகசன் 135, 240 போன்றவற்றில் இருக்கைக்குக் கீழே வலப்புறமாகக் குதிக்கால் எட்டும் இடத்தில் ஒரு மிதி இருக்கும். மிதித்தால் பல் கொண்ட ஒரு வளையம் நகர்ந்து இரு பக்கத்தையும் ஒன்றாக்கும், விட்டால் பிரியும். ஜீப், பிக்கப் வாகனங்களுக்கு இதே வேலையைக் காற்றால் செய்யும் பூட்டை அவுஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனம் விற்கிறது. மின்சாரத்தால் பூட்டுபவையும் உண்டு. வேலைக்கு இவை மிக நல்லவை. ஆனால் விலை கூடியவை, ஊர்க்கடையில் கிடைப்பவையும் அல்ல. பூட்டுவதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும்.

இரண்டாவது, தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. அமெரிக்காவின் டிட்ரொயிற் லொக்கர் இவ்வகையில் பெயர் பெற்றது. நேரே போகும்போது பூட்டியிருக்கும், திரும்பும்போது வெளிச்சில்லை மட்டும் கழற்றி விடும். சாரதி எதுவும் செய்யத் தேவையில்லை. ஆனால் கழன்று மாட்டும்போது சத்தமும் உதறலும் உண்டு. ஈரமான தார் வீதியில் பழகாத சாரதியைத் திகைக்க வைக்கும்.

மூன்றாவது, வழுக்கலைக் குறைக்கும் டிப்ரென்சல். உள்ளே உராயும் தட்டுகள் இருக்கும். சாதாரண வழுக்கலுக்கு உதவும். ஒரு சில்லு முற்றாக அந்தரத்தில் நின்றால் அதிகம் உதவாது. தட்டுகள் தேயத் தேய இருக்கும் பயனும் குறையும்.

நான்காவது, ஸ்பூல். இதில் டிப்ரென்சல் என்பதே இல்லை. உள்ளேயுள்ள பல்லுச்சில்லுகளை எடுத்துவிட்டு, இரு அக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே இரும்புத் துண்டை வைப்பது. கராச்சில் வெல்டிங் வைத்துப் பூட்டுவது இதன் ஏழைத் தம்பி. மலிவு, எளிது, கெட்டுப்போக உதிரிப்பாகம் இல்லை. ஆனால் ஒருபோதும் திறக்காது. அதோடு, டிப்ரென்சலின் பல்லுகள் கடினமாக்கப்பட்ட உருக்கு. அவற்றில் வைக்கும் ஒட்டு எளிதில் வெடிக்கும். வெடித்த துண்டு கிரவுன் பல்லுக்குள் விழுந்தால் பின் அச்சு முழுவதும் நாசமாகிவிடும்.

ஸ்பூல் எங்கே பொருந்தும்?

ஸ்பூலை முற்றாகக் குறை சொல்வதும் நியாயம் அல்ல. எங்கள் கண்முன்னே ஒன்று நாள்தோறும் உழுகிறது. அதுதான் லான்ட்மாஸ்டர் என்று நாம் சொல்லும் இருசில்லு உழவு இயந்திரம். 1950களின் நடுப்பகுதியில் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன வடிவமைப்பில் பங்கெடுத்த இயந்திரத்தை இங்கிலாந்தின் லான்ட்மாஸ்டர் நிறுவனம் தயாரித்தது. அந்தப் பெயரே பின்னர் எல்லா இருசில்லு இயந்திரத்துக்கும் பொதுப்பெயராயிற்று. இன்று வயல்களில் ஓடும் இவ்வகை இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் டிப்ரென்சல் கிடையாது. இரு சில்லும் ஒன்றாகவே சுற்றும். அதனாற்றான் சேற்றில் அவ்வளவு நன்றாக இழுக்கிறது.

ஆனால் அதிலும் திறப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கைப்பிடியின் கீழுள்ள இரு சிறு நெம்புகளே அவை. இடது நெம்பைப் பிடித்தால் இடச்சில்லுக்குப் போகும் பலம் அறும். இயந்திரம் இடப்பக்கம் திரும்பும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளக்கட்டிலிருந்தோ பாலத்துச் சரிவிலிருந்தோ பாரப்பெட்டியுடன் இறங்கும்போது இந்த நெம்பு எதிர்மாறாக வேலை செய்யும். பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது, இயந்திரம்தான் சில்லுகளைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது நெம்பைப் பிடித்தால் இடச்சில்லு கட்டவிழ்ந்து வேகமாக ஓடும். வண்டி வலப்பக்கம் பாயும். இறக்கத்தில் நெம்பைத் தொடாமல், முன்னரே சிறிய கியரில் போட்டு, கைப்பிடியாலேயே மெல்லத் திருப்புங்கள். புதிதாக ஓட்டும் பிள்ளைகளுக்கு முதற் பாடமாக இதைச் சொல்லிக் கொடுங்கள்.

நாற்சில்லு இயந்திரத்தில் ஸ்பூல் ஏன் ஆகாது?

முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இப்போது தேவைப்படுகிறது. எங்கள் இயந்திரம் வயலில் மட்டும் நிற்பதில்லை, தார் வீதியிலும் ஓடுகிறது.

பூட்டிய பின் அச்சு எப்போதும் நேரே போகவே பார்க்கும். நீங்கள் ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் பின்சில்லுகள் முன்பக்கத்தை நேரே தள்ளும். வயலில் இது வரம்பில் ஏற்றும். மழை ஈரத் தார் வீதியில் எதிரே வரும் வாகனத்தின் பக்கம் இழுக்கும். உழவு இயந்திரத்தில் இட வலப் பிறேக்குகள் தனித்தனியாக இருப்பது குறுகிய இடத்தில் திரும்புவதற்காக. அச்சைப் பூட்டிவிட்டால் அந்த வசதியும் போய்விடும். வரம்பு மூலையில் ஒரே அடியில் திரும்பிய இயந்திரம் மூன்று தரம் முன்னும் பின்னும் போகவேண்டி வரும். ரயரும் வேகமாகத் தேயும்.

பொது இயந்திரமானால் இன்னொரு கேள்வி உண்டு: யார் யார் ஓட்டுவார்கள்? வெல்டிங் வைத்தவருக்கு அதன் குணம் தெரியும். அடுத்த மாதம் வாங்கி ஓட்டும் அயல் வீட்டுப் பையனுக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இரு பின்சில்லும் அசைய முடியாமல் இறுகிக்கொண்டால், எஞ்சினின் பலம் சில்லைச் சுழற்றுவதற்குப் பதிலாக இயந்திரத்தின் உடலையே பின் அச்சைச் சுற்றி மேலே தூக்கும். முன்சில்லுகள் எழும்பி, இயந்திரம் சாரதியின் மேல் மல்லாக்க விழும். எழத் தொடங்கியது முதல் விழும் வரை ஏறத்தாழ ஒன்றரை விநாடி. குதிப்பதற்கு நேரம் இல்லை. புதைந்த சில்லுகளில் மரக்குற்றியைக் கட்டி வெளியேற முயல்வது இதனாலேயே மிகக் கொடிய வழக்கம். காடாய்க் கிடந்து திரும்ப உழும் வயல்களில் மறைந்திருக்கும் அடிக்கட்டையில் கலப்பை மாட்டிக்கொண்டாலும் இதுவே நேரலாம். நிரந்தரமாகப் பூட்டிய அச்சில், ஒரு சில்லு வழுக்கித் தப்பும் வாய்ப்புக்கூட இல்லை.

பூட்டு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது

வெல்டிங்குக்குக் காசு கொடுக்கு முன் உங்கள் இயந்திரத்தின் இருக்கைக்குக் கீழே குனிந்து பாருங்கள். மிதி துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது யாரோ கழற்றி எறிந்திருக்கலாம். கைமாறிக் கைமாறி வந்த பழைய இயந்திரங்களில் அப்படியொன்று இருப்பதே தெரியாமல் ஓட்டுவோரும் உண்டு. அந்த மிதியையும் அதன் சுருள்வில்லையும் திருத்தி எடுப்பதே அனேகமாக உங்களுக்கு வேண்டிய முழு வேலையும்.

வேலை செய்கிறதா என்று இப்படிப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின் அச்சை உயர்த்தி, கனமான மரக்கட்டைகளின் மேல் இருபுறமும் உறுதியாக இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பவேண்டாம், அடியில் எவரும் போகவேண்டாம். எஞ்சினை நிறுத்திக் கியரில் போடுங்கள். ஒரு சில்லைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும், டிப்ரென்சல் நலம். இனி ஒருவர் பூட்டு மிதியை அழுத்தட்டும். சில்லைச் சிறிது அசைத்தால் பல்லு மாட்டும். அதன்பின் இரு சில்லும் அசையக்கூடாது. அசையாவிட்டால் பூட்டும் நலம்.

பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். மிதியை அழுத்தாமலே, பிறேக்கும் பிடிக்காமல், இரு சில்லும் அசையாவிட்டால் பூட்டு உள்ளே சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ வெல்டிங் வைத்திருக்கிறார்கள். எதுவானாலும் விலை பேசுமுன் கேளுங்கள்.

பயன்படுத்தும் முறை:

1. சில்லு சுழன்றுகொண்டிருக்கும்போது மிதியை அழுத்தாதீர்கள், பல்லு உடையும். கிளச்சை மிதித்து நிறுத்தி, பூட்டை அழுத்தி, பின் கிளச்சை மெல்ல விடுங்கள்.
2. பூட்டியிருக்கும்போது நேரே மட்டும் போங்கள்.
3. சேற்றைத் தாண்டியதும் காலை எடுங்கள். மிதி திரும்ப எழாவிட்டால் கிளச்சை மிதியுங்கள், அல்லது பிறேக்கை ஒருமுறை தட்டுங்கள்.
4. பூட்டு இல்லாத இயந்திரமானால், சுழலும் சில்லின் பக்கத்துப் பிறேக்கை மட்டும் மெல்ல மிதியுங்கள். மற்றச் சில்லுக்கும் பலம் போகும். வீதிக்கு ஏறுமுன் இரு பிறேக் மிதிகளையும் மீண்டும் இணைத்துப் பூட்ட மறவாதீர்கள்.
5. முன்சில்லு எழுவதை உணர்ந்தால் உடனே கிளச்சை மிதியுங்கள். இழுக்கும் சங்கிலியை எப்போதும் தாழ உள்ள இழுவைச் சட்டத்திலேயே மாட்டுங்கள்.

மணலில் பூட்டு எவ்வளவு உதவும்?

கடற்கரை மணலில் கதை வேறு. அங்கே இரு சில்லுக்கும் கீழே ஒரே மணல். இரண்டும் ஒரேயளவு பிடிக்கும், ஒரேயளவு வழுக்கும். ஆகவே பூட்டினால் கிடைக்கும் இலாபம் குறைவு. அங்கே உதவுவது காற்று. பிக்கப் அல்லது ஜீப்பின் ரயரில் வழக்கமாக 35 இறாத்தல் காற்று இருந்தால், மணலில் இறங்குமுன் 20 இறாத்தல் அளவுக்குக் குறையுங்கள். ரயர் அகன்று மணலின் மேல் மிதந்து போகும். மெதுவாக ஓடுங்கள், கூராகத் திரும்பாதீர்கள். வீதிக்கு வந்ததும் மறவாமல் காற்றை நிரப்புங்கள்.

உழவு இயந்திரத்துக்குச் சேற்றில் இரும்புச் சில்லும் பாரமும் உதவும். பின் ரயரின் முக்கால் பாகத்துக்குத் தண்ணீர் நிரப்புவது மலிவான பாரம், 12.4-28 அளவு ரயர் ஒன்று இப்படி ஏறத்தாழ 150 லீற்றர் பிடிக்கும். புதைந்துவிட்டால் முதலில் பெட்டியைக் கழற்றுங்கள், சில்லின் முன்னே மண்ணை வெட்டுங்கள், பலகை போடுங்கள். ஒரு மண்வெட்டியும் இரண்டு பலகையும் எப்போதும் பெட்டியில் கிடக்கட்டும்.

கரும் மணலில் ஓடினால் இன்னொரு கவனம். அதிலுள்ள சேர்க்கன் கண்ணாடியையே கீறும் கடினம் உடையது. அச்சின் ஓயில் சீலுக்குள் புகுந்தால் அரம் போல் அராவும். மணலிலும் நீரிலும் ஓடிய பின் சில்லின் உட்புறத்தில் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அச்சு ஓயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது; உடனே மாற்றுங்கள்.

எதைத் தெரிவு செய்வது?

நாற்சில்லு உழவு இயந்திரம்: உள்ள மிதிப்பூட்டைத் திருத்துங்கள். வெல்டிங் வேண்டாம்.

வயலுக்கும் வீதிக்கும் ஓடும் பிக்கப், ஜீப்: முதலில் நல்ல ரயர், காற்று அளவு, பலகை. பணம் இருந்து, தேவை அடிக்கடி வந்தால், பூட்டித் திறக்கும் லொக்கர். தானாகப் பூட்டும் லொக்கர், ஒரே சாரதி ஓட்டும் வாகனத்துக்கு மட்டும்.

இருசில்லு இயந்திரம்: ஏற்கெனவே பூட்டியிருக்கிறது. இறக்கத்தில் நெம்பைத் தொடாதீர்கள்.

ஸ்பூல்: வீதியைக் காணாத, ஒரே ஆள் ஓட்டும் இயந்திரத்துக்கு மட்டும். அப்படியொரு இயந்திரம் எங்கள் ஊர்களில் யாரிடம் இருக்கிறது?

கராச்சில் நின்ற அந்தப் பெரியவரின் பேச்சுக்குத் திரும்புவோம். “இனிப் புதையக்கூடாது” என்று அவர் கேட்டது நியாயமானதே. ஒரு நாள் புதைந்து கிடந்தால் ஒரு நாள் உழவு போகிறது. மழை தவறினால் விதைப்பே தவறுகிறது. ஆனால் அவருக்கு வேண்டியது ஒரு நாளில் ஐந்து நிமிடம் மட்டும் பூட்டி, மீதி நேரமெல்லாம் திறந்திருக்கும் அச்சு. அது அவருடைய இருக்கையின் கீழே துருப்பிடித்துக் கிடக்கிறது. அடுத்த பெரும்போக மழைக்கு முன் ஒரு பின்னேரம் ஒதுக்கி, அயலவர் இருவரைத் துணைக்கு அழைத்து, அந்த மிதியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.